ஒருமனதாக

ஸ்ரீவில்லிபுத்தூர்
16 ஜூன் 2025

இசக்கிக்கு,

உனக்குக் கடிதம் எழுதும் காலம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ராஜபாளையத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டு முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் புருஷனுக்கு அடித்தால், அதுதான் என் அருமைத் தம்பி ஐயாதுரை, "அக்கா, அவ பக்கத்துலதான் இருக்கா, பேச மாட்டேங்கா" என்று வைத்துவிடுகிறான். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன். "இப்ப வராத. அருவாமணைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா" என்றான். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாயாம். அவனுக்கு எப்போதும் விளையாட்டுதான்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி நீ ஒன்றும் நான் ஒன்றுமாக மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் வார்டு செயலாளர் பொறுப்புக்கு நீயும் விமலும் மனு கொடுத்திருந்தீர்கள். தேர்தலை நடத்திக் கொடுக்கக் கட்சி என்னை அனுப்பியது. வெளியூர் ஆள்தான் நடத்த வேண்டும் என்பது விதி. கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் உன்னைக் கல்யாண மண்டபத்துச் சமையல்கூடத்துக்குக் கூப்பிட்டு, சென்னையில் இருந்து இப்போதுதான் போன் வந்தது, விமல் பெயரைச் சொல்லிவிட்டார்கள், நீ விலகிவிடு என்றேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. விலகுகிறவர்தான் மற்றவர் பெயரை முன்மொழிய வேண்டும், அப்போதுதான் மனக்கசப்பு இல்லை என்று மேலே தெரியும். இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. நீயும் மைக்கைப் பிடித்து முன்மொழிந்தாய். விமல் உனக்குச் சால்வை போட்டான், கூட்டம் கை தட்டியது. விமல் உனக்குச் சால்வை போட்டான், கூட்டம் கை தட்டியது. இதில் நான் செய்த குற்றம் என்ன?

எனக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். நானும் முன்மொழிந்தேன். அதற்காக நான் யார் நம்பரையும் பிளாக் செய்யவில்லை. விமல் உன்னைத் துணைச் செயலாளர் ஆக்குவதாக என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். நல்ல பையன்தான், உரக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து கொஞ்சம் வாய் நீளம், அவ்வளவுதான்.

கோபத்தை விட்டுப் பேசு. ஐயாதுரையின் சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

தங்கபாய்

*

ராஜபாளையம்
21 ஜூன் 2025

மதினிக்கு,

சால்வையை உங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். அது உங்களுக்குச் சேர வேண்டியது. துவைக்கவில்லை, அப்படியே இருக்கிறது.

நான் உங்களைப்போல மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிற மிஷினுக்கு முன்னால் நின்று நின்று எனக்குச் சத்தமாகப் பேசத்தான் வரும், நீளமாகப் பேச வராது. அதனால் அந்தப் பெண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் எங்களுக்குக் கூடுதல் சம்பளம். அதை விட்டுவிட்டு வந்தார்கள். மண்டபத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்தால் கை நன்றாகத் தெரியும் என்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். என் பக்கத்து மிஷின் அங்காளம்மாளை உங்களுக்குத் தெரியும். அவளுக்கு அக்குளில் ரவிக்கை இறுக்கமாம், கை தூக்கினால் கிழிந்துவிடும் என்று பயந்து, தையலைப் பிரித்துவிட்டு வந்தாள். அதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு நான் மைக்கில் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். "எங்க மதினிக்கு மேலிடத்துல இருந்து இப்பதான் போன் வந்திருக்கு, கட்சிக் கட்டுப்பாடுதான் முக்கியம்" என்று சொன்னேன். விமல் பெயரை நானே சொன்னேன். ஒரு கையும் மேலே வரவில்லை, வர விடவில்லை.

மறுநாளிலிருந்து கம்பெனியில் என்னிடம் யாரும் பேசுவது இல்லை. சண்டை இல்லை, ஏச்சும் இல்லை. நான் தண்ணீர் குடிக்கப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. சோற்றுப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் ஒவ்வொருத்தியாக எழுந்து கை கழுவப் போகிறாள். நான் எதையோ வாங்கிக்கொண்டு விலகினேன் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. துணைச் செயலாளர் என்றுவேறு விமலின் ஆட்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் போன் யாருடைய போனில் வந்தது? யார் பேசினார்கள்?

இசக்கியம்மாள்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
25 ஜூன் 2025

இசக்கி,

சால்வை வந்து சேர்ந்தது. உன் புருஷன் அதைக் கத்தரிக்காய்ப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். ஒரு கட்சிச் சால்வைக்கு இதைவிட மரியாதை வேண்டுமா?

உன் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி யார் போன், யார் பேசியது என்று கேட்கிறாய். என் போனில்தான் வந்தது. நான்தான் எடுத்துப் பேசினேன். தலைமை அலுவலகத்தில் இருந்து பேசினார்கள். பேசியவர் பெயரை வெளியில் சொல்லக்கூடாது, அது கட்சி ஒழுங்கு. போதுமா?

நான் இந்தக் கட்சியில் சேர்ந்தபோது பெண்களைத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றத்தான் கூப்பிடுவார்கள். மோர் ஊற்றினேன். பிறகு கோலம் போடச் சொன்னார்கள். பிறகு கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள், போட்டோவில் சேலை தெரிய வேண்டுமாம். அப்படி ஒவ்வொரு படியாக ஏறித்தான் இன்று ஒரு வார்டுக்குத் தேர்தல் நடத்தப் போகிற அளவுக்கு வந்திருக்கிறேன். உனக்கு முதல் தடவையே செயலாளர் வேண்டும். கிடைக்கவில்லை என்றதும் மதினிமேல் சந்தேகம்.

அந்தப் பெண்கள் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். ஒரு தீபாவளி போனஸ் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

மாவட்டச் செயலாளரிடம் உன்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும், "கட்டுப்பாடான பொம்பள" என்று பாராட்டினார்.

தங்கபாய்

*

ராஜபாளையம்
29 ஜூன் 2025

மதினிக்கு,

உங்கள் போன் என் பையில் இருந்தது.

மண்டபத்து வாசலில் வந்து இறங்கியதும் நீங்களே கொடுத்தீர்கள். "ஏட்டி, இத வச்சிக்க. மேடையில உக்காந்திருக்கையில அடிச்சா அசிங்கம்" என்றீர்கள். அணைத்துத்தான் கொடுத்தீர்கள். அங்காளம்மாள் என் பையின் வாயை விரித்துப் பிடித்தாள். "பெரிய எடத்துப் போனு, பதனமா வையிக்கா" என்று கேலி பண்ணினாள். சாயங்காலம் நீங்கள் பஸ் ஏறும்போதுதான் திருப்பிக் கொடுத்தேன். மறந்துவிட்டீர்களா?

எனக்கும் மறந்துதான் போயிருந்தது. சமையல்கூடத்தில் நீங்கள் சொன்னபோது ஒன்றும் தோன்றவில்லை. சாம்பார் வாசனை மட்டும் இன்னும் மூக்கில் நிற்கிறது. மைக்கில் பேசிவிட்டுக் கீழே வந்து, சால்வையோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். முகம் வேர்த்துக் கொட்டியது. கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தேன். உங்கள் போன்தான் கையில் பட்டது.

அப்போதே எழுந்து போய் மைக்கைப் பிடித்திருக்கலாம். நீங்கள் இன்னும் அறிவிப்புகூடச் செய்யவில்லை. பையை மூடிவிட்டேன். உங்களை அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி ஆக்க மனசு வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் மீதி. எல்லோரும் கை தட்டுகிறபோது எழுந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் உங்களைத் திட்டப் போவது இல்லை. என் வீட்டுக்காரருக்கு அம்மா மாதிரி நின்று கல்யாணம் செய்துவைத்தவர்கள் நீங்கள். ஆனால் ஒரு காரியம் செய்ய வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கம்பெனி வாசலுக்கு வாருங்கள். எல்லோரும் வெளியே டீக்கடை நிழலுக்கு வருவார்கள். எந்தப் போனும் வரவில்லை என்று அவர்களிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். இசக்கி எதையும் வாங்கவில்லை என்று சொல்லுங்கள். எனக்கு வார்டும் வேண்டாம், துணையும் வேண்டாம்.

இசக்கியம்மாள்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
12 ஜூலை 2025

இசக்கி,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. உன் கடிதத்தைத் தையல் மிஷினுக்கு அடியில் வைத்திருந்தேன். மிதிக்கும்போதெல்லாம் அது அங்கே இருப்பது தெரிந்தது. இரண்டு ரவிக்கைக்குக் கை மாற்றித் தைத்துவிட்டேன்.

போன் வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வார்டுத் தேர்தலுக்கு முந்தின வாரம் மாவட்டச் செயலாளர் கூப்பிட்டுவிட்டார். "ராசபாளையத்துல உன் தம்பி பொண்டாட்டி நிக்காளாமே. இந்த மாவட்டத்துல ஒரு வார்டுலயும் ஓட்டுக்கு விடாம ஒருமனதா முடிச்சிருக்கேன். அது ஒண்ணுதான் முட்டுது. வேற ஆள அனுப்பிச்சா சண்டையாகும். நீ போ, நீ சொன்னா கேப்பா" என்றார். வெளியூர்க்காரி என்பதற்காக என்னை அனுப்பவில்லை, இசக்கி. உறவுக்காரி என்பதற்காக அனுப்பினார். எனக்கு அது அப்போதே விளங்கியது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் பொய் சொல்லச் சொன்னது அவர் இல்லை. அதை நான்தான் உண்டாக்கினேன். சும்மா விலகு என்று கேட்டால் ஏன் என்று கேட்பாய். கட்சி சொல்கிறது என்றால் கேள்வி கேட்க மாட்டாய். உன் கூட்டத்தைப் பார்த்தேன். பெண்கள் அத்தனை பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிப் பார்க்கக்கூடத் தேவையில்லை, நீ ஜெயித்திருப்பாய். மேடையில் இருந்து இறங்கிச் சமையல்கூடத்துக்கு நடந்து வருகிற தூரத்தில்தான் சென்னைப் போன் என் வாயில் வந்து உட்கார்ந்தது.

எனக்கு இங்கே நகரச் செயலாளர் பொறுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "இந்தத் தடவ ஒரு பொம்பளைக்குக் குடுப்போம்" என்றார். ஆகஸ்ட் மூன்றாம் தேதி கூட்டம். அதுவும் ஒருமனதாகத்தான் நடக்கும். இவ்வளவு காலத்தில் எனக்காக ஒருத்தரும் கை தூக்கியது இல்லை, இசக்கி. தூக்கச் சொல்லிக் கேட்டதும் இல்லை. எந்தப் பொறுப்பு வந்தாலும் யாரோ அறிவிப்பார்கள், கை தட்டுவார்கள். உன்னிடம் அத்தனை கை இருப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போது என் முகம் கூசுகிறது. எழுதாமல் விட்டால் இன்னொரு பொய்யாகிவிடும்.

வந்து சொல்கிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் மூன்று முடியட்டும். பொறுப்பு கைக்கு வந்த பிறகு அந்தப் பெண்கள் முன்னால் வந்து நிற்கிறேன். இப்போது வந்தால் எல்லாம் போய்விடும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தங்கபாய்

*

ராஜபாளையம்
16 ஜூலை 2025

மதினிக்கு,

காலைப் பிடிக்கிறேன் என்றெல்லாம் எழுதாதீர்கள். உங்கள் தம்பி அந்த வரியைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து நான் அரைபடுதேன். எங்க அக்கா தப்பு பண்ணியிருக்கா, அதுக்காக அவ ஒன் காலைப் பிடிக்கணுமா?" என்று என்னிடம்தான் கேட்டார். நானா பிடிக்கச் சொன்னேன்?

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனிக் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்து வெகுநாள் ஆகிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். எதற்கும் முதலாளியிடம் பேசப் போவது என்றால் நான்தான் முன்னால் போவேன். நேற்று அவர்களே போனார்கள். நான் மிஷினில் நின்றுகொண்டு பார்த்தேன். அங்காளம்மாள் முன்னால் போனாள், அவளுக்கு முதலாளியிடம் பேசவே வராது. "சார்... கதவு சார்..." என்றதோடு நின்றுவிட்டாள். அவர் சரி பார்க்கலாம் என்றார், திரும்பி வந்துவிட்டார்கள். எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் போயிருப்பேன். சொல்லவில்லை. அவர்கள் உள்ளே போகும்போது என்னைக் காவல் நிற்கக்கூடக் கூப்பிடுவதில்லை.

விமல் வீட்டுக்கு வந்தார். துணைச் செயலாளர் நியமனத்தை மேஜையில் வைத்துவிட்டு, "அக்கா, உங்கள மாதிரி ஆளு கிடைக்காது" என்றார். காபி கொடுத்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

பொறுப்பு வந்த பிறகு வருகிறேன் என்கிறீர்கள். நகரச் செயலாளர் காரில் வந்து இறங்கிச் சொன்னால் இந்தப் பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். உங்களுக்கு அவர்கள் மன்னித்துவிட்ட மாதிரி தோன்றும். அவர்களுக்குப் பெரிய இடத்து அம்மா வந்து போன மாதிரி தோன்றும். அதற்கு வராமலே இருங்கள்.

வருவதானால் முந்தி வாருங்கள், பஸ்ஸில் வாருங்கள். முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறேன். சத்திரப்பட்டிப் பக்கம் ஆள் எடுக்கிறார்களாம்.

இசக்கியம்மாள்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
29 ஜூலை 2025

இசக்கி,

வியாழக்கிழமை உன்னிடம் ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். அங்கே நிற்க முடியவில்லை. தேருக்கு ஊரெல்லாம் கூட்டம், வீட்டில் விருந்தாள்கள், எழுதுவதற்கு இப்போதுதான் ஓய்ந்தது.

மைக் இல்லாமல் பேசி எனக்குப் பழக்கமே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. டீக்கடைப் பலகையில் அத்தனை பெண்களும் மடியில் சோற்றுப்பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தலையில், புருவத்தில் எல்லாம் பஞ்சு. "அன்பான தாய்மார்களே" என்று வாயெடுத்துவிட்டேன். ஒருத்தி, "எங்கள என்னத்துக்கு தாய்மாருங்கிய, வந்த சோலியச் சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. போன் வரவில்லை, நான் பொய் சொன்னேன், இசக்கி எதையும் வாங்கவில்லை. இந்த மூன்றையும் சொன்னேன். அது மட்டும் நிச்சயம்.

ஒருத்தியும் சோற்றில் இருந்து கையை எடுக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிறகு அந்த அங்காளம்மாள் கையை நக்கிக்கொண்டே உன்னைக் காட்டிக் கேட்டாள்: "போன் வரலங்கறது இவளுக்கு எப்பத் தெரியும்?"

உன் கடிதம் எனக்கு மனப்பாடம். பையைத் திறந்தது, மூடியது எல்லாம் தெரியும். ஆனால் என் வாய் முந்திக்கொண்டது. "அவளுக்கும் இன்னைக்குத்தான் தெரியும்" என்றேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய்.

பொய்யைச் சொன்னதற்காக வந்து நின்ற இடத்தில் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். எனக்கு அது அத்தனை சுலபமாக வருகிறது. ஆனால் இதை மட்டும் நீ கெடுத்துவிடாதே. உன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது, என் லாபத்துக்குச் சொன்னதில்லை. அவர்கள் உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஐயாதுரை சொன்னான். அப்படியே இருக்கட்டும்.

இங்கே நடந்ததையும் கேள். அன்று சாயங்காலம் எனக்கு நிஜமாகவே போன் வந்தது. மாவட்டச் செயலாளர்தான். டீக்கடையில் பேசிய பேச்சு அவர் காதுக்குப் போய்விட்டது. நகரச் செயலாளருக்குத் தாமோதர் பெயரைச் சொல்லப் போகிறார்களாம். "ஒனக்கும் மனக்கசப்பு இல்லன்னு தெரியணும்லா. நீயே முன்மொழிஞ்சிரு, தங்கபாய். கௌரவமா இருக்கும்" என்றார். சமையல்கூடத்தில் நான் உனக்குச் சொன்ன அதே சொல், அதே குரல். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் தேதி என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

தங்கபாய்

*

ராஜபாளையம்
6 ஆகஸ்ட் 2025

மதினி,

மூன்றாம் தேதி நடந்ததை உங்கள் தம்பி வந்து சொன்னார். நீங்கள் மைக்கைப் பிடித்து, "நான் யாரையும் முன்மொழியல. நானும் நிக்கேன். கை தூக்கச் சொல்லுங்க" என்றீர்களாமே. தாமோதருக்கு மண்டபம் முழுக்கக் கை. உங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றும்தானாம். என் வீட்டுக்காரருக்கு உங்கள் ஊரில் ஓட்டும் கிடையாது, உறுப்பினர் அட்டையும் கிடையாது. பின்னால் வேடிக்கை பார்க்க நின்றவர் கையைத் தூக்கிவிட்டாராம். தொண்டர்கள் வந்து வெளியே கூட்டிப் போனார்களாம். "செல்லாத கைதான், ஆனா எங்க அக்கா பாத்துட்டா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் இறங்கும்போது யாரும் சால்வை போடவில்லை என்றும் சொன்னார்.

இனி என் விஷயம். கம்பெனியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பது உண்மைதான். சாப்பிடும்போது ஒருத்தி ஊறுகாய் நீட்டினாள். கக்கூஸ் வாசலில் காவல் நிற்கக் கூப்பிட்டார்கள். நான் போய் நின்றேன். உள்ளே இருந்தவள் ஏதோ கதை சொல்லிக்கொண்டே இருந்தாள், நானும் உம் கொட்டினேன். ஆனால் எனக்கு நிற்க முடியவில்லை, மதினி. நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யில் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். முதல் தடவை நீங்கள் பொய் சொன்னீர்கள், நான் பையை மூடினேன். இரண்டாம் தடவையும் நீங்கள்தான் சொன்னீர்கள், நான் தரையைப் பார்த்தேன். உங்களை மட்டும் குற்றவாளி ஆக்கி வாசலில் நிற்க வைத்த எனக்கு என்ன யோக்கியதை?

நீங்கள் கெடுக்காதே என்றீர்கள். கெடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மிஷின் ஓட்டத் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டேன். "எங்க மதினி சொன்னதுல ஒண்ணு பொய்யி. எனக்கு அன்னைக்கே தெரியும். மைக்க விட்டு எறங்குன ஒடனே தெரியும். பையில போன் கெடந்துச்சு. நான் வாயத் தொறக்கல" என்று சொன்னேன். மிஷின் ஓடாத நேரத்தில் பேசினால் குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாருக்கும் ஆச்சரியமே இல்லை. அங்காளம்மாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "எங்களுக்கும் அன்னைக்கே தெரியும்க்கா. நாந்தான பைய விரிச்சுப் பிடிச்சேன். போன் உன் பையில கெடக்க, மதினிக்குப் போன் வந்துச்சுன்னு நீ மைக்ல சொல்லுத. கூட்டத்துல எங்காளுக அம்புட்டுப் பேரும் ஒருத்திய ஒருத்தி பாத்துக்கிட்டோம். இவளும் சேந்து பொய் சொல்லுதான்னு நெனச்சோம். பொறவு நீ பையத் தொறந்த. உன் மூஞ்சி போன போக்கப் பாத்ததும் இவளுக்கும் தெரியாதுன்னு புரிஞ்சிபோச்சு."

அப்படியானால் இத்தனை நாளும் ஏன் என்னோடு பேசவில்லை என்று கேட்டேன்.

"பொறவும் நீ சால்வையக் கழத்தலையேக்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டாள், மிஷின் சத்தத்தில் நான் வேறு எதையும் கேட்க முடியவில்லை.

நான் வாங்கிக்கொண்டு விலகினேன் என்று அவர்கள் ஒரு நாளும் நினைக்கவில்லை. அன்று கை தூக்குவதற்காக வந்தவர்கள், நான் எழுந்து நிற்பேனா என்று கூட்டம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அதன் பிறகு கம்பெனியிலும் அதே மாதிரி காத்திருந்திருக்கிறார்கள். ஊறுகாய் நீட்டியதுகூட நீங்கள் பஸ் ஏறி வந்து சொன்னதற்கான மரியாதைதான். நான் என்னடாவென்றால் உங்களை வரச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

உங்கள் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன், போன் பண்ணலாம். வீட்டுக்கும் வாருங்கள், அருவாமணையை உள்ளே வைத்துவிடுகிறேன்.

வரும்போது அந்தச் சால்வையைக் கொண்டு வாருங்கள். உங்களுக்கு அனுப்பியது என் தப்பு. அது என் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இசக்கி